எழுதாத விதி, எண்ணாத நேரம்: வேலைக்குப் போகும் பெண்களின் தோற்றம் எப்படி வேலையின் பகுதியானது?

2019 மார்ச்சில் வர்ஜின் அட்லாண்டிக் விமான நிறுவனம், தன் பணிப்பெண்கள் இனி மேக்கப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதில்லை என்று அறிவித்தது. அதுவரை தனியாகக் கேட்டால் மட்டுமே கொடுத்துவந்த பேன்ட்டையும் எல்லோருக்குமான சீருடையில் சேர்த்தது. அதே மாதத்தில் அயர்லாந்தின் ஏர் லிங்கஸும் இதே போன்ற தளர்வைக் கொண்டுவந்தது. இப்படியொரு செய்தி வரும்போதெல்லாம் படிப்பவர்களுக்கு இரண்டு சந்தேகங்கள் எழுகின்றன. இத்தனை காலம் இது கட்டாயமாகவா இருந்தது என்பது ஒன்று. பெண்கள் தாங்களே விரும்பிச் செய்துகொள்வதுதானே, இதில் தளர்த்த என்ன இருக்கிறது என்பது மற்றொன்று.

இரண்டுமே நியாயமான கேள்விகள். ஆனால் விதிப் புத்தகத்தைப் புரட்டினால் மட்டும் இவற்றுக்குப் பதில் கிடைக்காது. வேலைக்குப் போகும் பெண்ணின் தோற்றம் பற்றிய எதிர்பார்ப்பில் பெரும்பகுதி எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. எழுதப்பட்ட சிறு பகுதி மட்டுமே நீதிமன்றத்துக்கும் செய்திக்கும் வருகிறது. எழுதப்படாத மீதிப் பகுதி தினமும் காலையில் கண்ணாடி முன் நடக்கிறது. அதற்குக் கணக்கும் இல்லை, கூலியும் இல்லை.

## முதலில் மூன்று சொற்கள்

இந்த விவாதங்களில் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

1. உடை விதி. சீருடை, காலணி, அடையாள அட்டை என்று நிறுவனம் எழுத்தில் சொல்வது. இதை மீறினால் என்ன நடக்கும் என்பதும் பெரும்பாலும் எழுத்தில் இருக்கும்.

2. தோற்றத் தரம். 'ப்ரசென்டபிளாக', 'ப்ரொஃபஷனலாக', 'நேர்த்தியாக' இருக்க வேண்டும் என்பது போன்ற சொற்கள். எழுதியிருந்தாலும் இவற்றுக்கு அளவு கிடையாது. எது போதும், எது போதாது என்பதைப் பார்ப்பவர் தீர்மானிக்கிறார்.

3. தோற்ற உழைப்பு. அந்தத் தரத்தை எட்ட ஊழியர் செய்யும் வேலை. நேரம், பணம், உடல் வலி, கவனம் எல்லாம் இதில் சேரும்.

மூன்றாவது சொல்லுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து 'உணர்ச்சி உழைப்பு' என்ற கருத்தை முன்வைத்தார். சிரித்த முகத்தோடு இருப்பதும், கோபத்தை விழுங்குவதும் அவர்கள் விற்கும் சேவையின் பகுதி, எனவே அதுவும் உழைப்புதான் என்றார். அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் கடைகளையும் ஹோட்டல்களையும் ஆராய்ந்தவர்கள் இன்னொரு படி போனார்கள். அந்த முதலாளிகள் ஊழியரின் திறமையை மட்டும் வேலைக்கு எடுக்கவில்லை, குறிப்பிட்ட விதமாகத் தெரியும், ஒலிக்கும் உடலையும் சேர்த்து எடுக்கிறார்கள் என்று கண்டு, அதற்குத் தனிப் பெயர் வைத்தார்கள். தமிழில் அதை அழகியல் உழைப்பு என்று சொல்வதுண்டு. அழகு என்ற சொல் வந்தாலே பேச்சு ரசனைப் பக்கம் போய்விடுவதால், இங்கே தோற்ற உழைப்பு என்றே சொல்வோம்.

## ஆண்களுக்கும் விதி உண்டே?

உண்டு. முகச்சவரம், டை, மூடிய ஷூ என்று ஆண்களுக்கும் கட்டுப்பாடுகள் இருக்கின்றன. கோடையில் கோட்டும் டையும் சுகமான உடைகள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் வேறுபாடு விதிகளின் எண்ணிக்கையில் இல்லை. எந்த இடத்தில் 'போதும்' என்று நிறுத்த முடிகிறது என்பதில் இருக்கிறது.

ஆஸ்திரேலியக் காலை நேரத் தொலைக்காட்சித் தொகுப்பாளர் கார்ல் ஸ்டெஃபனோவிச் 2014இல் ஒரு விஷயத்தை வெளியில் சொன்னார். ஏறக்குறைய ஒரு வருடமாக ஒரே நீல நிற சூட்டைத்தான் திரையில் அணிந்துவந்திருக்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. அவருடன் தொகுத்த லிசா வில்கின்சனுக்கோ அவர் உடுத்தியவை பற்றிப் பார்வையாளர்களிடமிருந்து விமர்சனம் வந்துகொண்டே இருந்தது. அதைக் காட்டத்தான் இந்தச் சோதனையைச் செய்ததாக ஸ்டெஃபனோவிச் சொன்னார். அவரும் சுத்தமாக, நேர்த்தியாகத்தான் வந்தார். வந்த பிறகு அவருடைய தோற்றம் பேச்சிலிருந்து விலகிக்கொண்டது; பேச்சில் மிஞ்சியது அவருடைய வேலை மட்டுமே.

பெண்ணுக்கு அந்த இடம் கிடைப்பதில்லை. குளித்து, தலைவாரி, சுத்தமான உடை அணிந்து வருவது ஆணுக்கு முழுமை. அதே நிலையில் வரும் பெண்ணைப் பார்த்து 'உடம்பு சரியில்லையா? களைப்பாகத் தெரிகிறீர்களே' என்று கேட்கிறார்கள். கேட்பவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது, உண்மையான அக்கறையே இருக்கலாம். ஆனால் ஒன்றும் பூசாத முகம் குறையுள்ள முகமாகப் படிக்கப்படுகிறது என்பதை அந்த ஒரு கேள்வி காட்டிவிடுகிறது. மறுநாள் அவர் பத்து நிமிடம் முன்னதாக எழுந்திருப்பார். யாரும் உத்தரவு போடவில்லை. 'விரும்பித்தானே செய்கிறார்கள்' என்ற வாதத்தின் பலவீனம் இங்கேதான் இருக்கிறது. செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்த பிறகு செய்வதை முழு விருப்பம் என்று சொல்லிவிட முடியாது.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்த்தே சொல்ல வேண்டும். அலங்காரத்தில் உண்மையான மகிழ்ச்சி காணும் பெண்கள் ஏராளம். அவர்களுடைய ரசனையைக் குறை சொல்வதற்கு இங்கே இடமில்லை. விரும்பாத நாளில் விட்டுவிட்டால் சம்பளத்திலோ மதிப்பீட்டிலோ எதுவும் குறையாது என்ற நிலை இருந்தால், அங்கே அது முழுக்க விருப்பம்தான்.

## ஒரு மதுக்கூட ஊழியரின் வழக்கு

கண்ணுக்குத் தெரியாத இந்த வேலையைச் சட்டம் எப்படிப் பார்க்கிறது என்பதை விளக்க, ஜெஸ்பர்சன் வழக்கைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

டார்லீன் ஜெஸ்பர்சன் அமெரிக்காவின் ரீனோ நகரில் ஒரு சூதாட்ட விடுதியின் மதுக்கூடத்தில் ஏறத்தாழ 20 ஆண்டுகள் வேலை பார்த்தவர். மேலதிகாரிகளிடமும் வாடிக்கையாளர்களிடமும் நல்ல பெயர். 2000ஆம் ஆண்டில் விடுதி புதிய தோற்ற விதி ஒன்றைக் கொண்டுவந்தது. சீருடை இருபாலருக்கும் ஒன்றுதான். கூடுதலாக, ஆண்கள் முடியைக் குட்டையாக வெட்டியிருக்க வேண்டும், நகம் சுத்தமாக இருக்க வேண்டும், மேக்கப் போடக் கூடாது. பெண்கள் முகப் பவுடர், கன்னச் சாயம், மஸ்காரா, உதட்டுச் சாயம் நான்கும் போட்டிருக்க வேண்டும். முடியை அலங்கரித்து விட்டிருக்க வேண்டும்.

ஜெஸ்பர்சன் மறுத்தார். மேக்கப் போட்டுப் பார்த்தபோது தான் வேறு யாரோ போல, கேவலப்படுத்தப்பட்டது போல உணர்ந்ததாகச் சொன்னார். குடித்துவிட்டுத் தகராறு செய்பவர்களைச் சமாளிக்க வேண்டிய வேலையில் அது தன் அதிகாரத்தையே குறைத்தது என்பது அவருடைய வாதம். வேலை போனது. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் பெரிய அமர்வு வரை போய், 2006இல் 7க்கு 4 என்ற கணக்கில் அவர் தோற்றார்.

தீர்ப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும் வெவ்வேறு தோற்ற விதி வைப்பது, வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் அமெரிக்கச் சட்டத்தில் தவறில்லை. ஒரு தரப்புக்கு மட்டும் கூடுதல் சுமை விழுந்தால்தான் தவறு. பெண்களுக்கு அதிகச் செலவும் நேரமும் ஆகிறது என்பதற்கு ஜெஸ்பர்சன் தரப்பு ஆவணம் எதையும் தாக்கல் செய்யவில்லை. எனவே சுமை நிரூபிக்கப்படவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். மாறுபட்ட தீர்ப்பு எழுதிய நீதிபதி அலெக்ஸ் கோசின்ஸ்கி, மேக்கப்புக்குப் பணமும் நேரமும் ஆகும் என்பதை அறிய நிபுணர் சாட்சி தேவையில்லை என்ற பொருள்பட எழுதினார்.

ஒரு வீட்டில் கண்ணாடி முன் ஒருவர் நிற்பதைப் பார்த்த எவருக்கும் தெரிந்த விஷயம் அது. ஆனால் தாளில் இல்லாததால், சட்டத்தின் கண்ணில் அது நடக்கவே இல்லை. தோற்ற உழைப்பு உழைப்பாக எண்ணப்படாமல் போவது இப்படித்தான்.

## எண்ணிப் பார்த்தால்

ஒரு எளிய கணக்கு. ஒரே பதவியில் இருக்கும் ஆணைவிட, வேலைக்குக் கிளம்ப ஒரு பெண்ணுக்கு அரை மணி நேரம் கூடுதலாகத் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 240 வேலை நாட்கள். மொத்தம் 120 மணி நேரம், அதாவது 8 மணி நேர வேலையில் 15 முழு நாட்கள். எந்த வருகைப் பதிவேட்டிலும் இது ஏறாது. கால் மணி நேரம் என்றே வைத்தாலும் ஏழரை நாட்கள் வரும்.

பணம் அடுத்தது. ஒப்பனைப் பொருட்கள், முடி, தோல், நகப் பராமரிப்பு, அடுத்தடுத்த நாட்களில் ஒரே உடையில் தெரியாதிருக்கத் தேவைப்படும் கூடுதல் உடைகள் எல்லாம் ஊழியரின் சொந்தச் செலவு. பெரிய சம்பளக்காரருக்கு இது சிறு தொகை. வரவேற்பாளர், விற்பனைப் பணியாளர், பரிமாறுபவர் போன்ற வேலைகளில்தான் தோற்றக் கெடுபிடி அதிகம்; சம்பளம் குறைவாக இருப்பதும் அங்கேதான். அவர்களுக்கு இது வருமானத்தில் கணிசமான பங்கு.

நேரத்தையும் பணத்தையும்விட அளக்கக் கடினமானது கவனம். கூட்டத்தில் பேச எழும்போது கருத்தோடு சேர்த்து உடை விலகியிருக்கிறதா என்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மனத்தின் ஒரு மூலை எப்போதும் தன்னை வெளியிலிருந்து பார்த்துக்கொண்டே இருக்கிறது. காணொளிக் கூட்டங்கள் இதை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. 2021இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10,000க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டபோது, காணொளி அழைப்புகளுக்குப் பிறகு மிகுந்த களைப்பு ஏற்படுவதாகச் சொன்ன பெண்கள் 7 பேரில் ஒருவர், ஆண்கள் 20 பேரில் ஒருவர். திரையில் தன் முகமே நாள் முழுக்கத் தெரிந்துகொண்டிருப்பது தூண்டும் பதற்றத்தை அவர்கள் முக்கியக் காரணமாகக் கண்டார்கள்.

## சம்பளத்துக்கும் தோற்றத்துக்கும் தொடர்பு இருக்கிறதா?

இருக்கிறது என்பதைப் பொருளியலாளர்கள் வெகுநாளாகவே அளந்துவருகிறார்கள். டேனியல் ஹாமர்மெஷ், ஜெஃப் பிடில் இருவரும் 1994இல் வெளியிட்ட ஆய்வு, பார்க்கச் சுமாரானவர்கள் என்று மதிப்பிடப்பட்டவர்கள் குறைவாகவும் அழகானவர்கள் அதிகமாகவும் சம்பாதிப்பதைக் காட்டியது. இது ஆண், பெண் இருவருக்கும் பொருந்தியது.

பிறவி அழகுக்குத்தான் இந்தப் பரிசு என்றால், அது நியாயமற்றது, ஆனால் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று விட்டுவிடலாம். 2016இல் ஜாக்லின் வாங், ஆண்ட்ரூ பென்னர் என்ற சமூகவியலாளர்களின் ஆய்வு அதை மாற்றிப் போட்டது. அமெரிக்காவில் 14,000க்கும் மேற்பட்டவர்களின் தரவை எடுத்து, முக அழகையும் 'நேர்த்தியாகத் தயாராகி வருதல்' என்பதையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். அழகானவர்கள் சராசரித் தோற்றம் உள்ளவர்களைவிடச் சுமார் 20 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். ஆண்களில் அந்த வித்தியாசத்தின் ஒரு பகுதியைத்தான் நேர்த்தி விளக்கியது. பெண்களில் ஏறக்குறைய முழுவதையும் விளக்கியது.

அதாவது பெண்ணுக்குச் சந்தை பரிசளிப்பது முகத்துக்கு அல்ல, முகத்தின் மீது செலவிட்ட உழைப்புக்கு. இதை நல்ல செய்தியாகவும் படிக்கலாம், உழைத்தால் எட்டக்கூடியதுதானே என்று. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எட்டக்கூடியது என்பதாலேயே, எட்டாதவர் மீது 'முயற்சி எடுக்கவில்லை', 'தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை', 'வேலையில் அக்கறை இல்லை' என்ற பழி விழுகிறது. தோற்றம் குணத்தின் சாட்சியாக மாறிவிடுகிறது.

எடையில் இது இன்னும் கூர்மை. 2011இல் திமோதி ஜட்ஜ், டேனியல் கேபிள் வெளியிட்ட ஆய்வில், பெண்கள் மிக மெலிந்த நிலையிலிருந்து சராசரி எடைக்கு வரும் போதே சம்பளம் கடுமையாகச் சரிந்தது. ஆண்களுக்கோ உடல் பருமன் என்ற எல்லை வரை எடையோடு சம்பளமும் ஏறியது. சராசரி உடல் கொண்ட பெண்ணே தண்டிக்கப்படும் அளவுகோல் இது.

## இரு பக்கமும் அடி

அப்படியானால் எதிர்பார்க்கும்படி அலங்கரித்துக்கொண்டு வந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீரவில்லை.

1979இல் மேடலின் ஹெய்ல்மனும் லோயிஸ் சருவடாரியும் செய்த சோதனையில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களோடு வெவ்வேறு தோற்றமுள்ள புகைப்படங்கள் சேர்க்கப்பட்டன. அழகு ஆண்களுக்கு எல்லா வேலைக்கும் உதவியது. பெண்களுக்கு எழுத்தர் வேலைக்கு உதவியது. மேலாளர் வேலைக்குப் பாதகமானது. மேலாளருக்கு வேண்டிய குணங்கள் ஆண்களுக்குரியவை என்ற எண்ணம் இருக்கும்வரை, பார்க்கப் பெண்மை மிகுந்தவர் அந்த நாற்காலிக்குப் பொருந்தாதவராகத் தெரிவார். 2011இல் நான்சி எட்காஃப் குழு செய்த ஆய்வில் மேக்கப் போட்ட முகங்கள் திறமையானவையாக மதிப்பிடப்பட்டன, ஆனால் நிதானமாகப் பார்க்க நேரம் கொடுத்தபோது மிகப் பளிச்சென்ற மேக்கப் நம்பகத்தன்மையைக் குறைத்தது. அந்த ஆய்வுக்கு நிதி தந்தது அழகுப் பொருட்கள் விற்கும் நிறுவனம் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு படிக்க வேண்டும்.

ஆக, அனுமதிக்கப்பட்ட எல்லை மிகக் குறுகியது. குறைந்தால் அக்கறையற்றவர். கூடினால் கவனத்தைத் தேடுபவர், அறிவில் ஆழமில்லாதவர். அந்த எல்லை ஒரே இடத்தில் நிற்பதும் இல்லை. வாடிக்கையாளர் சந்திப்பில் ஒரு அளவு, உள் கூட்டத்தில் வேறு அளவு. ஒரு மேலதிகாரி மாறினால் அளவும் மாறும்.

எப்படி இருந்தாலும் குற்றம் என்ற இந்த இரட்டைச் சிக்கலை நீதிமன்றம் அங்கீகரித்த இடம் ஹாப்கின்ஸ் வழக்கு. ஆன் ஹாப்கின்ஸ் அமெரிக்காவின் பெரிய கணக்குத் தணிக்கை நிறுவனம் ஒன்றில் மூத்த மேலாளர். 1982இல் பங்குதாரர் பதவிக்கு முன்மொழியப்பட்ட 88 பேரில் அவர் ஒருவர்தான் பெண். அரசிடமிருந்து சுமார் 2.5 கோடி டாலர் ஒப்பந்தத்தைக் கொண்டுவருவதில் முக்கியப் பங்காற்றியவர். பதவி தள்ளிவைக்கப்பட்டது. அடுத்த முறை வாய்ப்பு வேண்டுமானால் இன்னும் பெண்மையோடு நடக்க, பேச, உடுத்த வேண்டும். மேக்கப் போட்டு, முடியை அலங்கரித்து, நகை அணிய வேண்டும் என்று ஆலோசனை சொல்லப்பட்டது.

1989இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பெண் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற வார்ப்பை வைத்து எடுக்கும் முடிவும் பாலினப் பாகுபாடுதான் என்றது. வேலைக்குத் துணிச்சலான போக்கு தேவை, ஆனால் பெண்ணிடம் அது இருந்தால் குற்றம் என்று வைத்தால், அவர் எப்படி நடந்தாலும் தோற்பார் என்பதை நீதிபதிகள் வெளிப்படையாகச் சுட்டினார்கள். 1990இல் அவரைப் பங்குதாரராக ஏற்கும்படி கீழ் நீதிமன்றம் உத்தரவிட்டது.

ஹாப்கின்ஸ் வென்றதற்கும் ஜெஸ்பர்சன் தோற்றதற்கும் இடையில் சட்ட நுணுக்கங்கள் பல உண்டு. அவற்றில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஹாப்கின்ஸ் வழக்கில் பங்குதாரர்கள் தங்கள் கருத்துகளை மதிப்பீட்டுப் படிவங்களில் கைப்பட எழுதி வைத்திருந்தார்கள். அவர் ஆண்பிள்ளைத்தனமானவர், நளினம் கற்கும் வகுப்புக்குப் போக வேண்டியவர் என்றெல்லாம் அவற்றில் இருந்தது. எழுத்தில் இருந்ததால் அதை மேசையில் வைத்து வாதிட முடிந்தது.

## குதிகால் உயர்ந்த செருப்பும் நான்கு நாடுகளும்

செருப்பு விவகாரம் செய்தியில் அடிக்கடி வருவதற்குக் காரணம் எளிது. தோற்ற எதிர்பார்ப்புகளில் உடலுக்கு நேரடிக் கேடு தெளிவாகத் தெரியும் ஒன்று அது. குதிகால் உயர உயர உடல் எடை முன்பாதத்துக்குத் தள்ளப்படுகிறது. விரல்கள் நெருக்கப்படுகின்றன, கெண்டைக்கால் தசை சுருங்கிய நிலையில் பழகிவிடுகிறது, முதுகு ஈடுகட்ட வளைகிறது. எட்டு மணி நேரம் நிற்கும் வேலையில் இது சிறு தொல்லை இல்லை.

2015 டிசம்பரில் லண்டனில் நிகோலா தோர்ப் என்ற தற்காலிக வரவேற்பாளர், தட்டையான ஷூ அணிந்து வந்ததற்காகச் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். இந்தக் கட்டாயத்தைத் தடை செய்யக் கோரிய அவருடைய மனுவில் 1,50,000க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்றக் குழுக்கள் விசாரித்து 2017 ஜனவரியில் அறிக்கை கொடுத்தன. அரசு புதிய சட்டம் தேவையில்லை, 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டமே போதும் என்று சொல்லி, 2018இல் ஒரு வழிகாட்டியை மட்டும் வெளியிட்டது. ஆண்களுக்கு இணையான விதி இல்லாமல் பெண்களை மேக்கப் போடவோ நகத்தை அலங்கரிக்கவோ சொல்வது சட்டவிரோதமாக இருக்க வாய்ப்புண்டு என்கிறது அது.

ஜப்பானில் நடிகையும் எழுத்தாளருமான யூமி இஷிகாவா 2019இல் தொடங்கிய இயக்கத்தின் பெயர் குடூ. ஜப்பானிய மொழியில் செருப்பு, வலி என்ற இரு சொற்களும் ஏறக்குறைய ஒரே ஒலி கொண்டவை. மீடூ இயக்கத்தின் எதிரொலியும் அதில் சேர்ந்தது. 18,000க்கும் மேற்பட்ட கையெழுத்துகளோடு தொழிலாளர் அமைச்சகத்துக்கு மனு போனது. சமூகம் ஏற்றுக்கொண்ட, வேலைக்குத் தேவையான அளவில் குதிகால் கட்டாயம் இருக்கலாம் என்று அப்போதைய அமைச்சர் பதில் சொன்னார். ஆனாலும் 2020இல் ஜப்பான் ஏர்லைன்ஸ் தன் பெண் ஊழியர்களுக்கான குதிகால் விதியைக் கைவிட்டது.

பிலிப்பைன்ஸ் வேறு வழியில் போனது. நீண்ட நேரம் நின்று வேலை செய்பவர்களுக்கு ஒரு அங்குலத்துக்கு மேல் உயரமான குதிகாலைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017இல் தொழிலாளர் துறையே உத்தரவு போட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் அதே ஆண்டு பணியிடப் பாதுகாப்பு விதியைத் திருத்தி ஹை ஹீல்ஸ் கட்டாயத்தை நீக்கியது. இந்த இரண்டு இடங்களிலும் தொழிலாளர் உடல்நலம், பாதுகாப்பு என்ற கோணத்தில் பிரச்சினை அணுகப்பட்டது. அங்கே ஒவ்வொரு பெண்ணும் தனக்குப் பாகுபாடு நடந்ததாக நிரூபிக்க வேண்டியதில்லை. வழுக்கும், வலிக்கும், காயப்படுத்தும் என்பதே போதும். உடலைத் தொடும் விதிகளுக்கு இதுவே எளிதான பாதை என்பது என் கணிப்பு. முகத்துக்கும் முடிக்கும் அது உதவாது.

## வயது, முடி, கண்ணாடி

1960களில் அமெரிக்க விமான நிறுவனங்கள் பலவற்றில் பணிப்பெண்கள் 32 அல்லது 35 வயதில் வேலையை விட வேண்டும். இந்தியாவில் 1981இல் நர்கேஷ் மீர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஏர் இந்தியா பணிப்பெண்ணின் வேலை முதல் கர்ப்பத்தோடு முடியும் என்ற விதியை ரத்து செய்தது. ஆனால் ஆண் ஊழியர்களைவிட மிகக் குறைந்த ஓய்வு வயது வைத்ததைப் பாகுபாடாகப் பார்க்கவில்லை. அந்த வெளிப்படையான விதிகள் இன்று இல்லை. எதிர்பார்ப்பு இருக்கிறது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 40,000க்கும் மேற்பட்ட கற்பனை விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. வயது கூடக் கூட அழைப்பு குறைவது பெண்களிடம் அதிகமாகவும் ஐயமில்லாமலும் தெரிந்தது. நரைத்த ஆண் அனுபவசாலி, நரைத்த பெண் வயதானவர் என்று படிக்கும் பழக்கம் தெரிந்தே, பலர் ஓய்வு பெறும்வரை மாதம் தவறாமல் சாயம் பூசுகிறார்கள்.

முடியின் வடிவமும் அப்படியே. 'நேர்த்தியான முடி' என்றால் நேரான முடி என்று பொருள் கொள்ளும் இடத்தில், இயல்பாகவே சுருண்ட முடி கொண்ட கறுப்பினப் பெண்கள் ரசாயனத்தாலும் வெப்பத்தாலும் அதை மாற்ற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா 2019இல் முதன்முதலாக இயல்பான முடியையும் அதற்கான பின்னல்களையும் காரணம் காட்டிப் பாகுபடுத்துவதைத் தடை செய்தது. பிறகு பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. எடை, உயரம் ஆகியவற்றுக்கு மிச்சிகன் மாநிலம் 1976இலேயே பாதுகாப்பு கொடுத்தது. நியூயார்க் நகரம் 2023இல்தான் அங்கே வந்து சேர்ந்தது.

மூக்குக் கண்ணாடி போட்டுச் செய்தி வாசித்ததே செய்தியானதும் உண்டு. 2018 ஏப்ரலில் தென் கொரியாவின் முன்னணித் தொலைக்காட்சி ஒன்றில் இம் ஹியோன் ஜு கண்ணாடியோடு திரையில் வந்தார். ஆண் வாசிப்பாளர்கள் எப்போதும் அணிந்துவந்ததுதான் அது. தினமும் அதிகாலையில் எழுந்து கான்டாக்ட் லென்ஸும் ஒட்டு இமையும் வைத்துக்கொள்ள வேண்டியிருந்த ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய முடிவு என்பதை, அதற்குக் கிடைத்த கவனமே சொல்கிறது.

## ஒரு விதி நியாயமானதா என்று பார்ப்பது எப்படி?

எல்லாத் தோற்ற விதியும் அநியாயம் இல்லை. இயந்திரத்தின் அருகில் முடியைக் கட்டச் சொல்வதும், அறுவை அரங்கில் நகத்தை வெட்டச் சொல்வதும் தேவையானவை. பிரித்தறிய இந்த வரிசை உதவும்.

1. இந்த விதி இல்லாவிட்டால் வேலையில் எது கெடும்? பதில் சுகாதாரம், பாதுகாப்பு, அடையாளம் காணுதல் என்று குறிப்பாக வந்தால் அதற்கு அடிப்படை இருக்கிறது. 'வாடிக்கையாளருக்குப் பிடிக்காது' என்று வந்தால், அந்த வாடிக்கையாளரின் விருப்பம் ஆண் ஊழியரிடமும் இதையே கேட்கிறதா என்று அடுத்துக் கேட்க வேண்டும்.

2. அதே வேலை செய்யும் ஆண் இந்த அளவை எட்ட எத்தனை நிமிடம், எவ்வளவு பணம் செலவிடுகிறார்?

3. செலவை நிறுவனம் ஏற்கிறதா? சீருடையைக் கொடுக்கும் நிறுவனம், தான் கேட்கும் மேக்கப்பையும் அதற்கான நேரத்தையும் ஊழியர் தலையில் வைக்கிறது என்றால், அதை வேலையின் தேவை என்று அதுவே முழுதாக நம்பவில்லை.

4. அளவு எழுத்தில் இருக்கிறதா? 'ப்ரசென்டபிள்' என்ற ஒற்றைச் சொல்லை எதிர்த்து வாதிட வழியே இல்லை. 'மூடிய ஷூ, சுத்தமான சட்டை' என்பதை நிறைவேற்றலாம், நிறைவேற்றியதைக் காட்டவும் செய்யலாம்.

மதிப்பீடு எழுதும் இடத்தில் இருப்பவர்களுக்கு நான்காவது புள்ளி கூடுதலாகப் பொருந்தும். ஒரு பெண் ஊழியரைப் பற்றி 'தோற்றத்தில் இன்னும் கவனம் தேவை' என்று எழுதும் முன், அவருடைய எந்தப் பணி அதனால் பாதிக்கப்பட்டது என்று ஒரு வரி எழுத முயல வேண்டும். எழுத வராவிட்டால், முதல் வரியை அடித்துவிடலாம்.

அப்படியொரு கருத்தைக் கேட்க நேர்ந்தவர், அந்த இடத்திலேயே வாதிடுவது பல நேரம் முடியாது. வேலையின் நிலை அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் 'எதை மாற்ற வேண்டும் என்று மின்னஞ்சலில் அனுப்ப முடியுமா, சரியாகச் செய்ய உதவும்' என்று பணிவாகவே கேட்கலாம். பதில் வந்தால் அளவு எழுத்துக்கு வந்துவிடும். வராவிட்டாலும், சொன்னவர், சொன்ன சொற்கள், தேதி, உடனிருந்தவர்கள் ஆகியவற்றை அன்றே குறித்து வைக்கலாம். கூடவே ஒரு மாதத்துக்கு, வேலைக்காக மட்டும் தோற்றத்துக்குச் செலவான நிமிடங்களையும் தொகையையும், ரசீதுகளோடு. ஜெஸ்பர்சன் வழக்கின் கோப்பில் இல்லாமல் போனது அந்தக் காகிதம்தான்.